சும்மா கிடந்த நிலம்

சென்ற மாதம் உறவினர் ஒருவருக்கு வீட்டுமனை பார்ப்பதற்காகக் கோவளம் பக்கம் சென்றிருந்தோம். கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மேற்கே, உப்பங்கழியின் ஓரத்தில், எண் எழுதிய கற்கள் நட்ட மனைப்பிரிவு அது. கழியின் பக்கமாக நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்ட தரகர், "அது எல்லாம் வேஸ்ட் லேண்டு சார். காலியாத்தான் கிடக்குது. நாளைக்கு கவர்ன்மெண்ட் ஏதாவது கொண்டு வந்துட்டா, இந்த மனை எங்கேயோ போயிடும்" என்றார்.

காலியாகக் கிடப்பதாகச் சொல்லப்பட்ட அந்த நீரில் அப்போது மூன்று பெண்கள் இடுப்பளவு ஆழத்தில் நின்று, கூடையைப் பல்லால் கடித்துப் பிடித்தபடி, இரு கைகளாலும் சேற்றைத் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சற்றுத் தள்ளி ஒருவர் வீச்சுவலையை உதறிக்கொண்டிருந்தார். நாரைகளும் கொக்குகளும் எத்தனை என்று நான் எண்ணவில்லை. தரகர் பொய் சொல்லவில்லை. அவருடைய கண்ணுக்கு அங்கு யாரும் இல்லை.

அவரைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. 30 ஆண்டுகளுக்கு மேல் கல்லூரி வகுப்பறைகளில் வேளாண் பொருளியல் நடத்தியவன் நான். இந்தியாவின் நிலப் பயன்பாட்டை ஒன்பது வகையாகப் பிரிக்கும் அட்டவணையை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுவேன். காடு, பயிரிட இயலாத தரிசு, பயிரிடத்தக்க தரிசு, மேய்ச்சல் நிலம் என்று அது போகும். ‘பயிரிடத்தக்க தரிசு’ என்பதற்கு ஆங்கிலப் பாடநூலில் இருந்த பெயரும் ‘வேஸ்ட்’தான். அது பயன்படாமல் கிடக்கும் வளம், அதைப் பயனுக்குக் கொண்டுவருவதே வளர்ச்சி என்று சொல்லிக் கொடுத்தேன். மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள்; தேர்வில் மதிப்பெண்ணும் பெற்றார்கள். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

‘வேஸ்ட்’ என்றால் இன்று நாம் குப்பை என்றும் வீண் என்றும் பொருள் கொள்கிறோம். அதன் பழைய பொருள் இவை இரண்டும் அல்ல. இலத்தீன் மொழியின் ‘வாஸ்டுஸ்’ என்ற சொல்லிலிருந்து, பழைய பிரெஞ்சின் வழியாக, ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன் அது ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. ‘வாஸ்டுஸ்’ என்றால் வெறுமையானது, ஆளரவமற்றது என்று பொருள். பரந்து விரிந்தது என்று பொருள்படும் ‘வாஸ்ட்’, பேரழிவைக் குறிக்கும் ‘டிவாஸ்டேட்’ ஆகிய இரண்டும் அதே வேரில் கிளைத்தவை. ஆளில்லாத வெளி என்ற பொருளில் ஆங்கிலத்தில் தொடங்கிய ‘வேஸ்ட்’, பாழாக்குதல், வீணடித்தல் என்ற பொருள்களைக் கடந்து, நெடுங்காலத்துக்குப் பிறகே கழிவு என்ற பொருளை அடைந்தது. வெறுமையையும் அழிவையும் ஒரே சொல்லில் அடக்கும் பழக்கம் நமக்கும் புதிதல்ல. தமிழில் ‘பாழ்’ என்ற சொல் அந்த இரண்டு வேலையையும் தனியாகவே செய்கிறது.

வெறுமையைக் குறிக்கும் மற்ற ஆங்கிலச் சொற்களின் கதையும் சுவையானது. காலி என்ற பொருளில் நாம் அன்றாடம் பயன்படுத்தும் ‘எம்டி’ என்ற சொல்லின் பழைய ஆங்கில வடிவத்துக்கு, வேலையில்லாமல் ஓய்வாக இருப்பது என்ற பொருள் இருந்தது. பணி காலியிடத்தைக் குறிக்கும் ‘வேகன்சி’யும் விடுமுறையைக் குறிக்கும் ‘வெகேஷ’னும் ஒரே இலத்தீன் வேரின் பிள்ளைகள். நம்முடைய ‘சும்மா’வை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஆள் சும்மா இருந்தாலும், நிலம் சும்மா கிடந்தாலும் நமக்கும் ஒரே சொல்தான்.

பொருளியல் படித்தவன் என்ற முறையில் என்னை அதிகம் ஈர்த்தது வேறொன்று. இங்கிலாந்தைக் கைப்பற்றிய வில்லியம் மன்னர் 1086ஆம் ஆண்டில் நாடு முழுவதற்கும் ஒரு நிலக்கணக்கு எடுக்கச் செய்தார். ‘டூம்ஸ்டே’ ஏடு என்று அதற்குப் பெயர். அதில் பல ஊர்களுக்கு நேரே ‘பாழ்’ என்று பொருள்படும் ‘வாஸ்டா’ என்ற குறிப்பு மட்டும் இருக்கிறது. 1069-70இல் மன்னரின் படை வடக்கே நடத்திய அழிவின் சுவடு அது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. பிற்கால ஆய்வாளர்கள் சிலர் வேறு விளக்கம் தருகிறார்கள். எல்லா இடத்திலும் அது ஆளில்லாத ஊரைக் குறிக்கவில்லை. பல இடங்களில் வரி வராத ஊரையே குறிக்கிறது என்பது அவர்கள் வாதம். வரிக்கணக்கு எழுதுபவரின் ஏட்டில் வருவாய் இல்லாத இடமும் ஆள் இல்லாத இடமும் ஒன்றாகிவிடுகின்றன.

அடுத்த பெரிய திருப்பம் தத்துவ அறிஞர் ஜான் லாக்குடையது. 1689இல் வெளிவந்த அவருடைய அரசியல் நூல், உழைப்பு சேர்ந்தால்தான் நிலம் உடைமையாகும் என்று வாதிட்டது. உழவும் நடவும் காணாத, இயற்கையின் போக்கில் விடப்பட்ட நிலத்தை வேஸ்ட் என்றே வகைப்படுத்தியது. அமெரிக்கப் பழங்குடியினர் வேட்டையாடிய காடுகள் ஆளில்லா நிலமாக எழுதப்பட்டதற்கு இந்த வாதம் பெரிதும் துணைபோனது. இந்தச் சிந்தனையில் வளர்ந்தவர்கள்தான் பின்னர் கப்பலேறி நம் கடற்கரையிலும் இறங்கினார்கள்.

அவர்கள் வருமுன் நம் நாட்டில் நிலைமை என்ன? வரி வராத நிலம் இங்கும் இருந்தது. அதைக் கணக்கெழுதும் முறை வேறாக இருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள முதலாம் இராசராசனின் கல்வெட்டுகள், கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களின் மொத்த அளவைச் சொல்லி, அதிலிருந்து இறையிலியாக நீக்கப்படும் இடங்களைப் பெயர் சொல்லிக் கழிக்கின்றன. ஊர்நத்தம், கோயில், குளம், ஊரை ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால், கம்மாளர் குடியிருப்பு, பறைச்சேரி, சுடுகாடு என்று அந்தப் பட்டியல் செல்கிறது. அங்கே வரிக்கு வெளியே நிற்கும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஊரார் சமமாக வாழ்ந்தார்கள் என்று இதற்குப் பொருளல்ல. சேரி தனியே இருந்தது என்பதையும் அதே கல்தான் சொல்கிறது. ஆனால் எந்த இடமும் வெறுமை என்று எழுதப்படவில்லை.

‘புறம்போக்கு’ என்ற சொல்லும் இந்த வழியில் வந்ததுதான். தீர்வைக் கணக்கிலிருந்து புறத்தே போக்கப்பட்டது என்பதற்கு மேல் அதில் இழிவு எதுவும் இல்லை. எச்.எச். வில்சன் 1855இல் வெளியிட்ட வருவாய்த்துறைச் சொல்லகராதியும், ஊர் அமைந்த இடம், குளம் முதலிய பயிருக்கு உதவாத நிலம் என்ற அளவிலேயே அதற்கு விளக்கம் தருகிறது. கிராமக் கணக்கைப் புரட்டினால் ஏரிப் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு, களத்துப் புறம்போக்கு, மயானப் புறம்போக்கு என்று முன்னொட்டே அந்த நிலத்தின் தொழிலைச் சொல்லிவிடும். முன்னொட்டு பேச்சு வழக்கில் உதிர்ந்துவிட்டது. எஞ்சிய பாதி வசைச்சொல்லாகிவிட்டது. ஒருவனை ‘வேஸ்ட்டு’ என்றும் திட்டுகிறோம், ‘புறம்போக்கு’ என்றும் திட்டுகிறோம். வரி கட்டாத நிலத்தின் பெயர் இரண்டு மொழிகளிலிருந்தும் வந்து ஒரே மனிதன் தலையில் விழுகிறது.

இந்த இரண்டு சொற்களும் நேருக்கு நேர் சந்தித்த இடங்களில் எங்கள் செங்கல்பட்டுச் சீமை முதன்மையானது. 1763இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி ஜாகீராகப் பெற்ற நிலப்பரப்பு இது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் இங்குள்ள சுமார் 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அந்தக் கணக்குகளையும் அவற்றோடு தொடர்புடைய ஓலைச்சுவடிகளையும் பிற்காலத்தில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர் தரம்பால். ஏரி, தோப்பு, காடு, உப்பளம், நத்தம் என்று ஊர் ஊராகப் பிரித்துக் காட்டும் கணக்கு அது. 1794இல் ஆட்சியராக வந்த லயோனல் பிளேஸ் மதுராந்தகம் ஏரியைச் செப்பனிட்டார். ஏரி காத்த ராமர் கதையில் வரும் கலெக்டர் அவர்தான். வேடந்தாங்கல் ஏரிக்கு வரும் பறவைகளை வேட்டையாடக் கூடாது என்று ஊரார் கேட்க, அதற்குக் கவுல் எழுதிக் கொடுத்தவரும் அவரே என்பர். பறவை தங்கும் நீர் ஊருக்கு உரமாவதை அந்த ஊரார் அறிந்திருந்தார்கள்.

இந்தச் சீமையில் தரிசு நிலம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி நூறாண்டுக்கு மேல் நீடித்தது. ஊரின் மிராசுதாரர்கள் பயிர்நிலத்தோடு தரிசின் மீதும் தங்களுக்கு உரிமை உண்டு என்றார்கள். மிராசு உரிமை குறித்து அரசு எழுப்பிய 17 கேள்விகளுக்கு, சென்னை ஆட்சியராக இருந்த எல்லீஸ், கல்வெட்டுகளையும் ஆவணங்களையும் சான்று காட்டி விரிவான விடை எழுதினார். 1818இல் அது அச்சானது. திருக்குறளுக்கு உரை எழுதத் தொடங்கிய அதே எல்லீஸ்தான். உரிமை கொண்டாட இத்தனை பேர் இருந்த நிலத்துக்குத்தான் வெறுமை என்று பொருள்படும் ஒரு சொல்லைப் பெயராக வைத்துக்கொண்டு கோப்புகள் ஓடின.

நிலத்தில் உழைத்தவர்கள் இந்த வழக்கில் எங்கே நின்றார்கள் என்பதை 1891இல் எழுதிக் காட்டியவர் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர். இம்மாவட்டப் பறையர் மக்களின் நிலையைப் பற்றிய அவருடைய அறிக்கை, படிக்கும்போது இன்றும் மனத்தைக் கலங்கவைப்பது. தரிசு வேண்டி அரசுக்குத் தரக்காஸ்து மனு போட எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் ஒரு சேரிக்காரர் மனு போட்டால், அதே நிலத்தை முதலில் பெறும் முன்னுரிமை மிராசுதாரருக்கு இருந்தது. அதுவரை அந்த நிலத்தைத் திரும்பிப் பாராதவரும் அப்போது கேட்டுப் பெறலாம். பண்ணையாள் நிலம் பெற்றுவிட்டால் நாளை தன் வயலில் யார் இறங்குவது என்பதே காரணம். அதாவது, அந்த நிலம் தரிசாகக் கிடப்பதே அதன் பயன்பாடாக இருந்தது. கூலியைக் குறைவாக வைத்திருக்க அது உதவியது. என் கரும்பலகை அட்டவணையில் இதற்கு ஒரு வரிசையும் இல்லை.

அந்த அறிக்கையின் விளைவாக 1892 செப்டம்பர் 30 அன்று 1010 என்ற எண்ணுள்ள அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் சொல்லும் ஒதுக்கீடு அதிலிருந்து தொடங்குகிறது. சென்னை மாகாணத்தில் சுமார் 12 லட்சம் ஏக்கர் இவ்வாறு ஒதுக்கப்பட்டதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. முதல் பத்தாண்டுகள் விற்கக் கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே மாற்றலாம் என்பது நிபந்தனை. அந்த நிலங்களில் பெரும்பகுதி இன்று யாரிடம் இருக்கிறது என்பது ஊரறிந்த செய்தி. மாமல்லபுரத்தை அடுத்த காரணை ஊரின் பஞ்சமி நிலத்துக்காக எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரிழந்தார்கள்.

இந்த இடத்தில் என் வீட்டுக் கதையையும் சொல்லியாக வேண்டும். என் தந்தையார் மறைந்த பிறகு அவருடைய தகரப் பெட்டியில் என் பாட்டனார் பெயருக்கு வழங்கப்பட்ட தரக்காஸ்து உத்தரவு ஒன்று கிடைத்தது. ஏரிக்கு அப்பால் மேட்டில் நாலு ஏக்கர் தரிசு. அந்த நிலத்தைப் பற்றிச் சிறுவயதில் கேட்டபோதெல்லாம் அப்பா ஒரே பதிலைத்தான் சொல்வார்: "சும்மா கிடந்த நிலம்டா. தாத்தா கேட்டு வாங்கினார்." அதை விற்றுத்தான் என்னைச் சென்னைக்குப் படிக்க அனுப்பினார். திரமென்ஹீரின் அறிக்கையை நான் படித்தது அதற்கு வெகுகாலம் கழித்து, ஓய்வு பெறும் தருவாயில். அந்த நாலு ஏக்கருக்கு எங்களுக்கு முன்னால் வேறு யாராவது மனு போட்டிருந்தார்களா என்பது அந்தத் தாளில் இல்லை. அங்கே யாருடைய மாடுகள் மேய்ந்தன என்பதும் இல்லை. அப்பாவிடம் கேட்கலாம் என்றால் அவர் இல்லை. ஏரிக்கரைச் சேரியில் அப்பா வயதுடையவர்களும் இல்லை.

பழைய கதை என்று இதை ஒதுக்கிவிட முடியவில்லை. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் சாலை, ஆறு, ஏரி, கழிமுகம், தீர்வை விதிக்கப்படாத நிலம் ஆகியவற்றைப் பிறர் உரிமைக்கு உட்படாத அளவில் அரசின் சொத்து என்று அறிவித்தது. அன்று முதல் பொது நிலத்தை வழக்கமாகப் பயன்படுத்துபவரும் அதை வளைத்துப்போடுபவரும் ஒரே சட்டத்தின் முன் ‘ஆக்கிரமிப்பாளர்’ ஆகும் நிலை உருவானது. கானத்தூரிலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை எந்தக் குப்பத்துக்கு வேண்டுமானாலும் சென்று பாருங்கள். படகு ஏற்றும் மணல், வலை உலர்த்தும் மணல், மீன் காயவைக்கும் மணல் என்று மீனவர்கள் பிரித்துச் சொல்வார்கள். அது விடுதிக்காரரின் கண்ணுக்கு வெறும் கடற்கரை. கிராமக் கணக்குக்குப் புறம்போக்கு. மத்திய அரசின் நில வளத்துறை 2000ஆம் ஆண்டு முதல் வெளியிட்டுவரும் தரிசு நில வரைபடத் தொகுப்புக்கோ, ‘கடலோர மணல்’ என்பது தரிசின் ஒரு வகை.

அந்தத் தொகுப்பின் வகைப்பாடுகள் ஒரு தனி உலகம். சதுப்பு நிலமும் உவர் நிலமும் அதில் தரிசு. பனி மூடிய மலைகளும் தரிசு. கங்கைக்கு நீர் தரும் இமயம் அந்த வகையில்தான் சேரும். பாறை நிலமும் தரிசு. நம் வருவாய்க் கணக்கில் கல்லாங்குத்து என்பார்கள். மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு செதுக்கப்பட்ட பாறையை ஏழாம் நூற்றாண்டில் ஒரு நில அளவர் பார்த்திருந்தால், கல்லாங்குத்து, பயன்பாடு இல்லை என்றுதான் எழுதியிருப்பார். நல்ல வேளையாகப் பல்லவர்கள் அவரைக் கேட்கவில்லை.

நகைப்பை விட்டுவிடலாம். இந்தச் சொல்லுக்கு நாம் கொடுத்த விலையைப் பார்க்கப் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் வடகோடிக்குப் போனால் போதும். பள்ளிக்கரணைக் கழுவெளி, தன்னைச் சுற்றியுள்ள சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பின் மழைநீரை வாங்கி, நிறுத்தி, மெல்ல விடுவது. வருவாய்க் கணக்கில் அது பயனற்ற நிலம். ஆகவே அதன் பெருங்குடிப் பக்கத்தில் நகரத்தின் குப்பையைக் கொட்டினார்கள். வெறுமை என்ற பழைய பொருளும் கழிவு என்ற புதிய பொருளும் ஒரே சேற்றில் வந்து சேர்ந்தன. மிச்சமிருந்த இடங்களில் சாலைகளும் கட்டடங்களும் எழுந்தன. 2015 டிசம்பரில் தென்சென்னைப் புறநகர் வீடுகளுக்குள் புகுந்த நீர், தான் தங்கிய பழைய இடத்தைத் தேடி வந்த நீர்தான். எஞ்சிய கழுவெளி 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அதே ஆண்டில் நம் மாவட்டத்தின் கரிக்கிலியும் வேடந்தாங்கலும் அந்தச் சிறப்பைப் பெற்றன. ஒரு நிலம் ஒரே தலைமுறைக்குள் குப்பைமேடாகவும் உலகச் சொத்தாகவும் ஆக முடிகிறது என்றால், இடையில் மாறியது நிலமா, நம் பதிவேடா?

பள்ளிக்கரணை நீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் விழுந்து, தெற்கே வந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேர்கிறது. தரகர் எனக்குக் காட்டிய ‘வேஸ்ட் லேண்டு’ அந்த நீர் வெளியேறும் வாசல்.

இதற்காகப் பெரிய சட்டம் எதையும் நான் கேட்கவில்லை. ஊர்ப் பொதுநிலங்களைக் காக்க வேண்டும் என்று 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பில் புறம்போக்கு என்ற நம் சொல்லும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படுகிறது. பொதுவளத்தைப் பயன்படுத்துவோரே விதி வகுத்துக் காக்க முடியும் என்று காட்டிய எலினார் ஆஸ்ட்ரமுக்கு 2009இல் பொருளியல் நோபல் பரிசும் கிடைத்தது. நான் கேட்பது பதிவேட்டில் ஒரு கட்டம். ஒரு புறம்போக்கின் வகைப்பாட்டை மாற்றும்போது, ‘தற்போது பயன்பாட்டில் இல்லை’ என்ற ஒரு வரிச் சான்று போதும் என்று இப்போது நடக்கிறது. அந்த வரிக்குப் பதிலாக, எந்தெந்த மாதம், யார் யார், எதற்காக இதைப் பயன்படுத்துகிறார்கள் என்று எழுதி, அதைக் கிராம சபையில் உரக்கப் படிக்க வேண்டும். மழைக்காலத்தில் மட்டும் நிறையும் ஓடையும், தையில் மட்டும் மாடு இறங்கும் மேய்க்காலும், சாவு விழுந்தால் மட்டும் திறக்கும் மயானப் பாதையும் ஒரு மே மாதத்துப் பார்வையில் காலியாகத்தான் தெரியும்.

உறவினருக்கு மனை பிடித்துப்போயிற்று. நான் சொன்னவற்றைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மறுவாரம் முன்பணம் கொடுத்தார். பத்திர நகலை என்னிடம் காட்டினார். செக்குபந்தியில் வடக்கே சாலை, கிழக்கே இன்னாருடைய மனை, தெற்கே இன்னாருடைய மனை என்று எழுதியிருந்தது. மேற்கே, மூன்று பெண்கள் நின்றிருந்த பக்கத்துக்கு, ‘புறம்போக்கு’ என்று இருந்தது. என்ன புறம்போக்கு என்று கேட்டேன். அதை எழுதுவது வழக்கமில்லை என்றார்.